அவள் ஏதோ சொல்கிறாள்

ஐந்தரைக்கு எழுகிறேன். அடுப்படி விளக்கைப் போட்டு, கேத்தலில் தண்ணீர் வைக்கிறேன். முதல்நாள் ஊறவைத்த கடலையை வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஏற்றுகிறேன். ஐந்து விசில். உப்புப் போடுவதில்லை. விசில்களுக்கு இடையில் முகம் கழுவுகிறேன், சவரம் செய்கிறேன், கம்பளியை உதறி மடிக்கிறேன். ஆறேகாலுக்குப் பிளேன்டீ. தேங்காயில் நான்கு துண்டு கீறி, கடலையோடு நின்றபடியே சாப்பிடுகிறேன். தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஏழு மணிக்குக் கணினி முன்னால் உட்காருகிறேன். ஹெட்போன் மாட்டுவதில்லை.

என் மனைவி நிஷாலினி இறந்து பதினொரு மாதம். பதினொரு மாதமாகக் காலை இப்படித்தான்.

என் வேலை மென்பொருள் சோதிப்பது. கொழும்புக் கம்பனி, வீட்டிலிருந்தே செய்யலாம். மற்றவர்கள் செய்ததில் பிழை தேட வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண். என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று இரண்டு வரி. கருத்துச் சொல்லத் தேவையில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மிப்ரான் வந்தான். பசறை வீதியிலிருந்து என் வீட்டுக்கு எழுபத்திரண்டு படி. மேலே வந்து சேர்ந்தவன் பேசாமல் கதிரையில் விழுந்தான். பல்கலைக்கழகத்தில் நானும் அவனும் ஒரே வகுப்பு. பதுளை பஸார் வீதியில் அவன் வாப்பாவுக்குப் பெயின்ட் கடை. கடைக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து மிப்ரான் படம் வரைகிறான். பெயின்ட் டின்னுக்கு லேபல் வரைகிறான் என்று வாப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடலையை ஒரு கை அள்ளி வாயில் போட்டான்.

"ஐயோ. உப்பே இல்லையே மச்சான். ஒனக்கென்ன பிரஷரா, முப்பத்தோரு வயசுல?"

"இல்ல."

"அப்ப?"

"பழகிருச்சு."

அவன் மெல்வதை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தான்.

"மேட்டுத் தெரு," என்றான்.

'மேட்டுத் தெரு' அவனும் நிஷாலினியும் செய்த கணினி விளையாட்டு. படம் அவன், பேச்சு அவள். இதை விஷுவல் நாவல் என்கிறார்கள். திரையில் ஒரு படம், கீழே பேச்சு, நடுநடுவே நீங்கள் தெரிவுசெய்ய வேண்டும். ஒரு மலைநகரத்துக்கு டியூஷன் வாத்தியார் ஒருவன் வந்து அறை எடுக்கிறான். அதற்குப் பிறகு கட்டாயம் ஒன்றுமில்லை. காலை, பகல், பின்னேரம், இரவு என்று ஒரு நாளில் நான்கு வேளை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம், நூலகத்தில் உட்காரலாம், சும்மா படுத்திருக்கலாம். மூன்று பெண்களோடு பழகலாம். மருந்துக்கடைக்காரி, நூலகக்காரி, தையல்காரி ஸ்டெல்லா. பழக்கம் முற்றினால் கதவு சாத்தப்படும். கதை கதவுக்கு உள்ளேயே நிற்கும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முதல் திரையிலேயே எழுதியிருக்கிறது. மாதா மாதம் புதுப் பகுதி வரும் என்று சொல்லி இணையத்தில் விட்டிருந்தார்கள். பதினொரு மாதமாக ஒன்றும் வரவில்லை.

"கேட்டுக்கிட்டே இருக்குறாங்க மச்சான். கனடாவுலேருந்து ஒருத்தன் ஸ்டெல்லா சுகமான்னு கேக்குறான்." மிப்ரான் இன்னொரு கை கடலை எடுத்தான். "வெளையாடிப் பாத்து ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு. முடிக்கிறதா, மூடுறதா. நீ சொல்றத செய்றேன்."

"நான் எப்படிச் சொல்றது?"

"பிழை புடிக்கத்தானே சம்பளம் வாங்குற? இதுலயும் புடி." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நிஷா எழுதாம விட்ட எடம் பத்தொன்பது. நெரப்புறதுக்கு மட்டக்களப்புல ஒரு பிள்ளைய பாத்து வச்சிருக்கேன், நல்லா எழுதுது. ஒரு எடம் மட்டும் நானே நெரப்பிட்டேன். அது எதுன்னு சொல்ல மாட்டேன். நீயே பாரு."

அவன் போனதும் பென்டிரைவை மேசையிலேயே விட்டுவிட்டு அன்றைய வேலையைச் செய்தேன். மறுநாளும் செய்தேன். வியாழக்கிழமை திறந்தேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். நிஷாலினி பேசிப் பார்த்துத்தான் எழுதுவாள். பெண் பேச வேண்டிய இடம் வந்தால் கோப்பில் முதலில் "அவள் ஏதோ சொல்கிறாள்" என்று மட்டும் போட்டுவைப்பாள். பிறகு அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். காய் நறுக்கும்போது, பாத்திரம் கழுவும்போது. சரியாக வந்த பிறகு வந்து எழுதுவாள். நான் இந்த அறையில் இருப்பேன். "இனிமே நீங்க இங்க வரவேணாம்" என்று அடுப்படியிலிருந்து கேட்கும். "என்ன?" என்பேன். "ஒங்களுக்கில்ல" என்பாள். கல்யாணமான புதிதில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "என்ன?" என்று கேட்டேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

அவள் கடைசியாக வீட்டில் இருந்த அந்தக் காலை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு கூட்டத்தில் இருந்தேன். அவள் லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டாள். அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள். உப்பைப் பற்றி. ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கியதில் வாக்கியம் காதில் விழுந்தது. எனக்குச் சொன்னாளா, ஸ்டெல்லாவுக்காகச் சொல்லிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கூட்டத்தில் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பசறை தாண்டியதும் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று கண்டக்டர் நினைத்திருக்கிறார். லுணுகலையில் எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் திறக்கவில்லை.

ஆகவே அவள் கடைசியாகச் சொன்னது அந்த உப்பு வாக்கியம்தான். அது எனக்கு என்றால், என் மனைவி என்னிடம் பேசினாள், நான் பதில் சொல்லவில்லை. ஸ்டெல்லாவுக்கு என்றால், அன்று அவள் என்னிடம் ஒன்றுமே பேசவில்லை. இரண்டில் எது என்று 'மேட்டுத் தெரு'வில் இருக்கக்கூடும்.

முதலில் கோப்புகளில் "உப்பு" என்று தேடினேன். நான்கு இடம். மருந்துக்கடைக்காரி தொண்டை வலிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்கிறாள். மற்ற மூன்றும் தேநீர்க்கடையில். அவள் சொன்ன வாக்கியம் எங்கும் இல்லை. ஆனால் எழுதாத பத்தொன்பது இடங்கள் இருந்தன. எழுதாத இடத்தில் தேட முடியாது.

பிறகு விளையாடினேன். ஒன்பது நாள், பின்னேரங்களில். ஒரு சோதனையாளன் விளையாடுவதுபோல: எல்லாக் கதவையும் திறந்து, எல்லாத் தெரிவையும் எடுத்து, திரும்பி வந்து மற்றதை எடுத்து. குறித்துக்கொண்டேன். பிழை 3: மழை நாளில் நூலகத்துக்குள்ளும் மழை பெய்கிறது. பிழை 11: கடைசி பஸ் போன பிறகும் பஸ் வருகிறது. பிழை 26: மருந்துக்கடைக்காரிக்கு ஒரு படத்தில் இடது கையில் கடிகாரம், அடுத்த படத்தில் வலது கையில்.

வயது வந்தோருக்கான காட்சிகள் ஏழு. முடிந்தவை நான்கு. மிப்ரான் நன்றாக வரைந்திருக்கிறான், அசிங்கமில்லை. ஆனால் அந்தக் காட்சிகளில் என்னை நிறுத்தியது பேச்சுத்தான். அவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் தெறித்து எங்கே விழுந்தது என்று தேடுகிறார்கள். பக்கத்து வீட்டு நாய்க்குப் பெயர் வைக்கிறார்கள். ஓரிடத்தில் ஸ்டெல்லா போர்வைக்குள்ளிருந்து சொல்கிறாள்: "காலு ஐஸ் மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் வைங்க."

அது என் கால்.

குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை. அன்று அதோடு கணினியை மூடினேன்.

கடைசி நாள் ஸ்டெல்லாவின் கதை முடியும் இடத்துக்கு வந்தேன். வாத்தியாருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. காலை. பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நிற்கிறது. அவன் வாசலில் சப்பாத்து மாட்டுகிறான். ஸ்டெல்லா அடுப்படியில் நிற்கிறாள், முதுகு மட்டும் தெரிகிறது. நிஷாலினியின் கோப்பில் இந்த இடத்தில் "அவள் ஏதோ சொல்கிறாள்" என்று இருந்ததைப் பார்த்திருந்தேன். பத்தொன்பதாவது இடம். அடுப்படி, வாசல், புறப்பாடு. உப்பு வாக்கியம் அப்படியே பொருந்தும். அதை நினைத்தபடி அடுத்த திரைக்குப் போனேன்.

ஸ்டெல்லா சொன்னாள்: "யாரும் அழவேண்டாம்."

மிப்ரான் நிரப்பிய இடம் இதுதான். எங்கிருந்து எடுத்தான் என்று எனக்குத் தெரியும்.

நிஷாலினியின் அம்மா பவுலினா இன்னும் கொழுந்து எடுக்கிறார். ஐம்பத்தாறு வயது. அந்தத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயில் ஆட்கள் இறந்தவருக்கு அடிக்கும் நினைவு அட்டையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். படம், பிறந்த தேதி, இறந்த தேதி, அதற்குக் கீழே கடைசியாகப் பேசிய வார்த்தை. அடக்கத்துக்கு முதல்நாள் மாமி என்னைக் கேட்டார்: "கடைசியா என்ன தம்பி சொன்னா?" ஆஸ்பத்திரியில் முதல் நாள் வார்டுக்குள் என்னை மட்டும்தான் விட்டிருந்தார்கள். யாருக்குச் சொன்னது என்றே தெரியாத ஓர் உப்பு வாக்கியத்தை அவரிடம் எப்படிக் கொடுப்பது? ஒரு தடவை கண் திறந்தாள் என்றேன். "நான் ஆண்டவரிடம் போகிறேன், யாரும் அழவேண்டாம்" என்று சொன்னாள் என்றேன். அட்டையில் அது ஏறியது. மாமி அழவில்லை. ஒப்பாரி தொடங்கிய பெண்களையும் நிறுத்தினார். "அழ வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கா. மீறக் கூடாது." பதினொரு மாதமாக மீறவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:

பிழை 41. இடம்: ஸ்டெல்லாவின் வீடு, கடைசிக் காலை. நடந்தது: ஸ்டெல்லா "யாரும் அழவேண்டாம்" என்கிறாள். அறையில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். 'யாரும்' என்றால் யார்? நடந்திருக்க வேண்டியது: தெரியாது. இந்த வரி எழுதியவருடையது அல்ல.

முடிவு என்ற தலைப்பின் கீழே: வெளியிடலாம். எழுதாத இடங்களை யாரும் நிரப்ப வேண்டாம். "அவள் ஏதோ சொல்கிறாள்" என்று இருக்கும் இடத்தில் அப்படியே இருக்கட்டும்.

கடைக்கு மேலே உள்ள அறையில் மிப்ரான் அதை இரண்டு தடவை வாசித்தான்.

"எல்லாம் சரி. அந்த நாப்பத்தொண்ண மட்டும் எடுத்துரு மச்சான். அது பிழை இல்ல. அது மரியாத. அவங்க கடைசியா பேசுனதுன்னுதானே போட்டேன்."

"அது அவ பேசுனது இல்ல."

"கார்டுல இருந்திச்சே?"

"நான் சொன்னது."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மிப்ரான் விசையை அழுத்தினான். திரையில் ஸ்டெல்லா போய், நீல நிற டின் ஒன்று வந்தது. அவன் வாப்பா தலையை மட்டும் நீட்டினார்.

"லேபல் முடிஞ்சா?"

"முடியுது வாப்பா."

"ஒரு வருஷமா ஒரே டின்ன வரையிறான்," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

மிப்ரான் சிரிக்கவில்லை. "அப்ப உண்மையா என்னதான் சொன்னாங்க?"

"உப்பப் பத்தி ஒன்னு சொன்னா. எனக்கா ஸ்டெல்லாவுக்கான்னு தெரியாது."

"கேட்டிருக்கலாமேடா."

"ஆமா."

திரையில் இருந்த டின்னை மூடினான். "மாமிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வருஷத்துப் பூசைக்கும் அதே கார்டா?"

"அச்சகத்துல ஷுக்ரி நானாகிட்ட குடுத்தாச்சு. திங்கக்கிழம அடிக்கிறாரு."

"அப்ப அதுக்குள்ள போய்ச் சொல்லிரு." எழுந்து, நாற்பத்தோராவது பிழையை என் முன்னாலேயே திருத்தினான். மூன்று விசை. பழைய வரி திரும்பி வந்தது: அவள் ஏதோ சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை லுணுகலை பஸ்ஸில் போனேன். ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட லயத்தில், மாமி தன் வாசலில் கொழுந்துச் சாக்கைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தேநீர் ஊற்றினார். சுவரில் பழைய நினைவு அட்டை சட்டம்போட்டு மாட்டியிருந்தது.

"எளச்சுப் போயிட்டீங்க. என்னத்த திங்கிறீங்க?"

"கடல."

"காலையிலயா?"

"காலையில."

தேநீர் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். வார்டில் அவள் கண் திறக்கவில்லை, பேசவில்லை. அட்டையில் இருப்பது நானாகச் சொன்னது.

மாமி சுவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கையில் இருந்த துணியை நான்காக மடித்தார்.

"அப்ப ஒன்னுமே பேசாமத்தான் போனாளா?"

"வீட்லேருந்து போகும்போது ஒன்னு சொன்னா. ஆனா அது எனக்கான்னு தெரியல மாமி. அவ கதை எழுதுவா. அதுக்குப் பேசிப் பேசிப் பாப்பா."

"அது எனக்குத் தெரியாதா? சின்னதுலேருந்தே அப்படித்தான். தனியா பேசிக்கிட்டுக் கெடப்பா. பக்கத்துக் காம்பராக்காரி வந்து, யாரோட சண்டன்னு கேப்பா." துணியை மடியில் வைத்தார். "என்ன சொன்னா? சொல்லுங்க."

சொன்னேன். எட்டுச் சொல்கூட இல்லை. வாய்விட்டு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மாமி என்னையே பார்த்தார். முகத்தில் ஏதோ அசைந்தது.

"தம்பி, அவ எறந்த அன்னைக்கி ஒங்க வீட்டுக்கு மொதல்ல வந்தது நாந்தான். சாமான் செட்டெல்லாம் ஒதுக்கணும்னு. அடுப்புப் பக்கத்துல ஒரு சட்டியில கடல ஊறிக் கெடந்துச்சு. மூணு நாள் தண்ணி. மொளச்சு, நொர கட்டி. நாந்தான் கொண்டுபோய்ப் பின்னால கொட்டுனேன்."

கையிலிருந்த காலிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஒங்களுக்குத்தான் சொல்லியிருக்கா. வேற யாருக்குச் சொல்லுவா? நீங்க உப்பு போட்டா வாயில வைக்க முடியாதுன்னு எங்கிட்டயே எத்தன தடவ சொல்லியிருக்கா." மாமி சிரித்தார். சிரிப்பு நீண்டுகொண்டே போய் நடுவில் உடைந்தது. மடியிலிருந்த துணியை எடுத்து வாயைப் பொத்தினார், பிறகு பொத்தவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து வாசலில் நின்றாள். மாமி போகச் சொல்லிக் கை காட்டினார். அவள் போகவில்லை. உள்ளே வந்து மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் எழுந்து கோப்பைகளைக் கழுவினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கழுவிக் கவிழ்த்த பிறகும் அந்த அடுப்படியிலேயே நின்றேன். என் கண்ணும் நனைந்திருந்தது. எப்போது என்று கவனிக்கவில்லை.

வெளிச்சம் குறையும் நேரம் மாமி முகம் கழுவிவிட்டு வந்தார். சுவரிலிருந்து அட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"புதுசுல அதப் போடுங்க."

"எதை?"

"அவ சொன்னத."

"மாமி, கார்டுல போடுற பேச்சா அது? பூசைக்கு வர்றவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அழுறவங்க அழட்டும்."

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தேன். கடலையை வடித்தேன், குக்கரில் ஏற்றினேன். உப்புப் போத்தலை எடுத்துப் பார்த்தேன். வைத்துவிட்டேன். எட்டு மணிக்கு அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நானா, ஒரு திருத்தம். படத்துக்குக் கீழ இருக்குற அந்த ரெண்டு வரியையும் எடுத்துருங்க."

"நல்ல வரியாச்சே," என்றார் ஷுக்ரி நானா. "அதுக்குப் பதிலா ஒன்னும் வேணாமா?"

"வேணும். அவ சொன்னது ஒன்னு இருக்கு. சொன்ன மாதிரியே போடுங்க. எழுத்துத் தமிழா மாத்திராதீங்க."

"சரி தம்பி. பேன எடுத்துட்டேன். சொல்லுங்க."

சொன்னேன்.

"உப்பு மட்டும் போட்டுறாதீங்க. நா வந்து போட்டுக்குறேன்."